மாணவர் விடுதியும் அதன் அமைப்பும்



பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவந்த சில வாரங்களில் எங்கள் சிலமலையில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காணலாம். புதுப்பெட்டியும் சுருட்டிய பாயும் கையிலேந்திய பிள்ளைகள், தாய் தந்தையரோடு போடிநாயக்கனூர்ப் பேருந்துக்காகச் சாலையோரத்தில் காத்து நிற்பார்கள். மதுரைக்கும் கோவைக்கும் சென்னைக்கும் மேற்படிப்புக்காகப் புறப்படுகிறவர்கள் அவர்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் என்ற முறையில் என்னிடம் விடைபெற்றுக்கொள்ளச் சிலர் வருவதுண்டு. என்ன பாடம், கட்டணம் எவ்வளவு, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்பவற்றையெல்லாம் பெற்றோர் விசாரித்து வைத்திருப்பார்கள். "விடுதி எப்படி இருக்கிறது?" என்று நான் கேட்டால், "சாப்பாடு பரவாயில்லையாம் ஐயா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவ்விடுதியில் அறைகள் எவ்வாறு அமைந்துள்ளன, மாடிப்படி எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று இதுவரை எவரும் விசாரித்து வந்ததாக நான் அறியேன். ஆயினும் வகுப்பறையில் ஒரு மாணவன் கழிக்கும் நேரத்தைக் காட்டிலும் விடுதியில் கழிக்கும் நேரம் அதிகம். ஆகவே விடுதிக் கட்டடமும் ஓர் ஆசிரியரே என்பது என் எண்ணம். நல்லாசிரியரும் உண்டு, பொல்லாத ஆசிரியரும் உண்டு. இன்று அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் நான் கண்ட இரண்டு கட்டடங்களைச் சொல்கிறேன்.

என் தந்தையார் ஏலத்தோட்டத் தொழிலாளி. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கடந்தால் அப்பால் விரிவது ஏலமலைக் காடு. காய் எடுக்கும் பருவத்தில் வந்த காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் தாயாரும் நானும் தந்தையாரோடு தோட்டத்தில் போய்த் தங்குவோம். அங்கே தொழிலாளர் குடியிருப்புக்கு லயம் என்று பெயர். லைன் வீடு என்றும் சொல்வார்கள். ஒரே கூரையின்கீழ் எட்டு அறைகள். அறைக்கு ஒரு குடும்பம். சமையலும் படுக்கையும் அந்த ஓர் அறையிலேதான். எட்டு அறைகளுக்கும் முன்னால் பொதுவாக ஒரு தாழ்வாரம். புகையும் ஈரமும் நெருக்கமும் நிறைந்த அந்த வாழ்க்கையை நான் புகழ்ந்து பேசப் போவதில்லை. அமைதியாக உட்கார்ந்து ஒரு பக்கம் படிக்க அங்கே எனக்கு இடம் கிடைத்ததில்லை.

ஆனால் ஒரு நாள் விடியற்காலையில் என் தாயார் கடும் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். தந்தையார் இருட்டோடு வேலைக்குப் போய்விட்டார். நான் சிறுவன், உறங்கிக்கொண்டிருந்தேன். விடிந்த பிறகும் எங்கள் அறையிலிருந்து அடுப்புப் புகை எழவில்லை என்பதைத் தாழ்வாரத்தில் நடந்து சென்ற பக்கத்து அறை அத்தை கவனித்தார். கவனித்தவர் கதவைத் தட்டினார். அதன்பின் கஞ்சி ஓர் அறையிலிருந்து வந்தது, கஷாயம் மற்றோர் அறையிலிருந்து வந்தது.

இரண்டாவது கட்டடம், 1980-ஆம் ஆண்டில் ஆசிரியப் பயிற்சிக்காக நான் தங்கிய விடுதி. அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. லயத்தில் வளர்ந்த எனக்கு அது மாளிகையாகத் தோன்றியது. அறைக்கு இருவரே. மேசை உண்டு, நாற்காலி உண்டு, தாழிட்டுக்கொள்ளக் கதவு உண்டு. நடுவில் ஒரு நீண்ட இருட்டு நடைவழி. அதன் இருபுறமும் அறைகள். நடைவழியின் ஒரு முனையில் மாடிப்படி, மறுமுனையில் வெறுஞ்சுவர்.

அந்தச் சுவரை ஒட்டிய கடைசி அறையில் மலையோரச் சிற்றூரிலிருந்து வந்த மாணவர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசாதவர். அவருடைய அறைத்தோழர் ஊருக்குப் போயிருந்த சமயத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாட்கள் அவர் தனியே கிடந்தார். நான்காம் நாள் பெருக்க வந்த பெரியவர் கதவைத் தள்ளிப் பார்த்துக் கூவிய பிறகே எங்களுக்கு விஷயம் தெரிந்தது. டைபாய்டு காய்ச்சல். உயிர் பிழைத்தார். ஆனால் வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய படிப்பு அத்தோடு நின்றது.

என் அறைக்கும் அவர் அறைக்கும் இடையே ஐந்து கதவுகள். அவ்வளவுதான் தூரம். நாங்கள் கல்நெஞ்சர்களா? அல்ல. மாடிப்படிக்கு அருகில் இருந்தவர்கள் எவரும் அந்த முனைக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. அந்தக் கதவைக் கடந்து எவரும் தண்ணீர் எடுக்கவும் செல்வதில்லை, குளிக்கவும் செல்வதில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மூன்று நாட்களை எண்ணினால் எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. குற்றத்தில் என் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டடத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன்.

நடுவில் நடைவழியும் இருபுறமும் அறைகளுமாக ஏன் கட்டுகிறார்கள்? காரணம் எளிது. ஒரே நடைவழி இரண்டு வரிசை அறைகளுக்கும் பயன்படுகிறது. தரைப்பரப்பு மிச்சம், செலவும் மிச்சம். நட்டம் எங்கே என்று பாருங்கள். அறைக்கு வெளிச்சுவர் ஒன்றுதான் இருக்கும். சன்னல் வழியாக நுழையும் காற்று எதிர்ப்புறமாக வெளியேற வழியிராது. நடைவழியில் பகலிலும் விளக்கு எரியவேண்டும். இருட்டான இடத்தில் யாரும் நின்று பேசமாட்டார்கள். விரைந்து நடந்து அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

லயத்தில் தனிமை இல்லை. விடுதியில் துணை இல்லை. மாணவனுக்கோ இரண்டும் வேண்டும். படிக்கவும் சிந்திக்கவும் தனக்கென்று ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவு திறக்காமலிருந்தால் அதைக் கவனிக்க நாலு பேரும் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்வதுதான் விடுதி அமைக்கும் கலையின் உயிர்நிலை. உலகம் இதை எவ்வாறு செய்துபார்த்தது என்பதைச் சிறிது நோக்குவோம்.

நம் நாட்டிலேயே தொடங்கலாம். பீகாரில் உள்ள நாளந்தாவில் 5-ஆம் நூற்றாண்டு தொடங்கி 12-ஆம் நூற்றாண்டு வரையில் ஒரு பெருங்கல்விச்சாலை விளங்கியது. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் 7-ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கிப் பயின்றவர். 1915 முதல் 1937 வரை நடந்த அகழாய்வில் 11 விகாரங்கள் அங்கே வெளிப்பட்டன. விகாரம் என்பது துறவியரும் மாணவரும் தங்கிய விடுதி. ஏறக்குறைய எல்லா விகாரங்களுக்கும் அமைப்பு ஒன்றே. நடுவில் திறந்த முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி நாற்புறமும் சிறிய அறைகள். உள்ளே வர ஒரே வாயில். அதற்கு நேர் எதிரே வழிபாட்டிடம். பல முற்றங்களில் கிணறும் உண்டு. அறைக்குள் இருப்பவர் தனியாக இருக்கிறார். கதவைத் திறந்தால் முற்றம் முழுவதையும் பார்க்கிறார், முற்றமும் அவரைப் பார்க்கிறது. நம் ஊர்ப் பழைய முற்றத்து வீடுகளைக் கண்டவர்களுக்கு இந்த அமைப்பைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போனால், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் நகரங்களின் பழைய கல்லூரிகளிலும் சதுர முற்றங்களையே காண்கிறோம். அங்கே மற்றொரு நுட்பமும் உண்டு. நீண்ட நடைவழிக்குப் பதிலாக முற்றத்தைச் சுற்றிப் பல மாடிப்படிகளை வைத்தார்கள். ஒவ்வொரு படிக்கட்டிலிருந்தும் சில அறைகளுக்கு மட்டுமே வழி. ஆகவே ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்கள் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்களாகி விடுகிறார்கள்.

நம் தமிழ்நாட்டில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ஆம் ஆண்டில் நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே மாணவர்களுக்காகச் செலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்னும் இல்லங்கள் அமைந்தன. எல்லாரையும் ஒரே பெருங்கட்டடத்தில் அடைக்காமல் தனித்தனி இல்லங்களாக வகுத்தார்கள். ஒவ்வோர் இல்லத்துக்கும் தனி உணவுக்கூடம், தனி மரபு. பல தலைமுறைகள் கழிந்த பின்னும் அங்கே பயின்ற முதியவர்கள் கல்லூரியின் பெயரோடு தம் இல்லத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்.

இனி, என் பேச்சின் நடுநாயகமான இடத்துக்கு வருகிறேன். அது அகமதாபாத்தில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகம், அதாவது ஐ.ஐ.எம். அந்நிறுவனம் 1961-இல் தோன்றியது. விஞ்ஞானி விக்ரம் சாராபாயும் தொழிலதிபர் கஸ்தூர்பாய் லால்பாயும் அதற்கு ஊக்கம் அளித்தவர்கள். கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷியின் முயற்சியால், அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் 1962-இல் அந்தப் பணியை ஏற்றார். 12 ஆண்டுகள் அவர் அதில் ஈடுபட்டிருந்தார். 1974 மார்ச் மாதத்தில் அகமதாபாத்திலிருந்து நாடு திரும்பிய வழியில், நியூயார்க் இரயில் நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது.

அங்கே கற்பிக்கும் முறையே வேறு. ஆசிரியர் சொல்ல மாணவர் குறித்துக்கொள்வது அன்று. ஒரு தொழில் நிறுவனத்தின் உண்மையான சிக்கலை முன்வைத்து எல்லாரும் கலந்து பேசி முடிவு காண்பார்கள். அப்படியானால் பேச்சு வகுப்பு மணி அடித்தவுடன் நின்றுவிடலாமா? விடுதி வரையில் அது தொடர்ந்து வரவேண்டாமா? இந்த எண்ணத்திலிருந்துதான் கான் விடுதிகளை வகுத்தார்.

அவர் வரைந்தவை 18 விடுதிகள். நடைவழி என்பதையே அவர் நீக்கிவிட்டார். ஒவ்வொரு தளத்திலும் பத்து அறைகள். அவற்றின் நடுவே மாடிப்படியும், கூடித் தேநீர் அருந்த ஒரு கூடமும். அறையிலிருந்து புறப்படுகிறவர் அந்தக் கூடத்தைக் கடந்தே படியில் இறங்கவேண்டும். திரும்பி வருகிறவரும் அப்படியே. பத்துப் பேரில் ஒருவர் இரண்டு வேளை தேநீருக்கு வரவில்லையென்றால் மற்ற ஒன்பது பேருக்கும் அது தெரியாமற் போகாது. எங்கள் பயிற்சி விடுதி இவ்வாறு இருந்திருந்தால் அந்த நண்பர் மூன்று நாள் தனியே கிடந்திருப்பாரா என்று, முதன்முதலில் இந்த வரைபடத்தைக் கண்டபோது நான் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

காற்றையும் வெயிலையும் அவர் மறக்கவில்லை. அகமதாபாத் கடும் வெயில் காயும் ஊர். அங்கே தென்மேற்கிலிருந்து வீசும் காற்றே ஆறுதல். அக்காற்றை வாங்குமாறு விடுதிகளைத் திருப்பி நிறுத்தினார். ஆனி ஆடியில் மேற்கு மலையிலிருந்து இறங்கிவரும் காற்றை அறிந்த நம் வட்டாரத்தார் இதன் அருமையை உணர்வார்கள். தேநீர்க் கூடத்தையும் படியையும் கழிவறைகளையும் வெயிலுக்குத் தடுப்பாக அமையுமாறு வைத்து, அறைகளின் ஊடே காற்று நுழைந்து வெளியேற வழி செய்தார். சுவர்கள் எல்லாம் செங்கல். பெரிய வளைவுகளும் வட்டத் திறப்புகளும் செங்கல்லாலேயே அமைந்தன. வளைவின் உந்துவிசையால் சுவர் விலகாதபடி கான்கிரீட் விட்டம் ஒன்று இரு முனைகளையும் இழுத்துப் பிடித்திருக்கிறது.

இவ்வளவு புகழுரைத்த பின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். செங்கற்கள் நாளடைவில் அரித்தன. சுவருக்குள் வைத்த இரும்புக் கம்பிகள் துருப்பிடித்தன. மழைநீர் கசிந்தது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தை உலுக்கிய நிலநடுக்கம் மேலும் சேதம் விளைத்தது. நூலகத்தையும் ஒரு விடுதியையும் நிபுணர்கள் அரும்பாடுபட்டுச் செப்பனிட்டார்கள். நூலகப் பணிக்கு 2019-இல் யுனெஸ்கோவின் விருதும் கிடைத்தது. ஆனால் 2020 டிசம்பரில், 18 விடுதிகளில் 14-ஐ இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக நிறுவனம் அறிவித்தது. பழைய மாணவர்களும் பல நாட்டுக் கட்டடக் கலைஞர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2021-ஆம் ஆண்டு பிறந்த முதல் நாளிலேயே அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. எனினும் 2022 நவம்பரில், விடுதிகள் உட்படப் பல கட்டடங்கள் வாழத்தக்க பாதுகாப்போடு இல்லை என்றும் மீண்டும் கட்டவேண்டியிருக்கிறது என்றும் நிறுவனம் மறுபடி அறிவித்தது.

இதில் யார் பக்கம் நியாயம்? இடிந்து விழக்கூடிய கூரையின்கீழ் மாணவரைத் தங்கவைக்க முடியாது என்பது நியாயமே. சீராக்கக் கூடியதை அவசரப்பட்டு இடித்தல் தகாது என்பதும் நியாயமே. பொறியியல் அறிந்தவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும். ஆசிரியனாகிய நான் ஒன்றை மட்டும் சொல்வேன். செங்கல் போனால் வேறு செங்கல் வைக்கலாம். பத்து அறைகளுக்கு நடுவே ஒரு கூடம் என்ற கருத்து போய்விட்டால் அதற்கு ஈடு கிடையாது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மாணவர்கள் கூடிப் பழகவேண்டும் என்றால், அறையைச் சிறிதாக்கிப் பொதுக்கூடத்தைப் பெரிதாக்கி, அவர்களை அறையை விட்டு வெளியே வரச் செய்தால் போதாதா? இப்படியும் ஒருவர் சிந்தித்தார். அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்துக்காக, சார்லஸ் மங்கர் என்னும் செல்வர் பெருங்கொடை அளிக்க முன்வந்து விடுதியின் திட்டத்தையும் தாமே வகுத்தார். 11 மாடிகள், ஏறத்தாழ 4,500 மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் தனி அறை. எட்டு அறைகளுக்கு ஒரு பொதுக்கூடம். ஆனால் மிகப் பெரும்பாலான அறைகளுக்குச் சன்னலே கிடையாது! பகலொளி போன்ற செயற்கை விளக்கே அங்கே சன்னலாக இருக்கும். இதை ஏற்க மறுத்து, வடிவமைப்புக் குழுவில் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்த கட்டடக் கலைஞர் ஒருவர் 2021-இல் பதவி விலகினார். உலகெங்கும் விவாதம் எழுந்தது. 2023-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

கானுக்கும் மங்கருக்கும் நோக்கம் ஏறக்குறைய ஒன்றே. வழிதான் வேறு. ஒருவர், அறையும் நன்றாக இருக்கட்டும், கூடமும் நன்றாக இருக்கட்டும், விரும்பியபோது மாணவன் வந்து உட்காரட்டும் என்றார். மற்றவர், அறையில் இருக்கப் பிடிக்காமல் வெளியே வரட்டும் என்றார். வீட்டில் சோறு போடாமல் பிள்ளையை விருந்துக்கு அனுப்புவது போன்றதல்லவா இது? தனிமையைப் பறித்துத் துணையை உண்டாக்க முடியாது என்பதை, லயத்தில் வளர்ந்த நான் அனுபவத்தால் அறிவேன்.

சரி, அகமதாபாத்தைப் போலக் கட்ட நம் ஊரில் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் மலைத்தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக எங்கள் பக்கத்தில் ஒரு சிறு விடுதி கட்ட நன்கொடையாளர் சிலர் முயன்றார்கள். வரைபடத்தை என்னிடமும் காட்டினார்கள். அதே நடைவழி, அதே இரு வரிசை அறைகள், முனையில் மாடிப்படி. கட்டடக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆகையால் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இங்கே ஒரு பையன் காய்ச்சலில் படுத்தால், அது முதலில் யாருக்குத் தெரியும்?"

பொறியாளர் இளைஞர். சிறிது நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இப்படி யாரும் கேள்வி கேட்டதில்லை ஐயா" என்றார். நடைவழியை நீக்க இயலவில்லை. நிலமும் பணமும் அதற்குப் போதவில்லை. ஆனால் மாடிப்படியை முனையிலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தார். படியருகே ஓர் அறையின் அகலத்துக்குச் சுவரை எடுத்துவிட்டு, வெளிச்சமும் காற்றும் வருமாறு திறந்துவிட்டு, இருபக்கமும் திண்ணை வைத்தார். குடிதண்ணீர்ப் பானையை அங்கேயே வைக்கச் செய்தோம். இழந்தது ஓர் அறை. அதற்கே நன்கொடையாளர்களுக்கு மனம் வரவில்லை, மிகவும் வாதாட வேண்டியிருந்தது. இன்று அந்தத் திண்ணையில் மாலை வேளையில் உட்கார இடம் கிடைப்பதில்லை. கணக்குத் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பதும், வீட்டு நினைவில் கலங்குகிறவனை மற்றவன் தேற்றுவதும் அங்கேதான் நடக்கின்றன.

மாணவச் செல்வங்களே! உங்களில் சிலர் நாளை பொறியாளர்கள் ஆவீர்கள், கட்டடக் கலைஞர்கள் ஆவீர்கள். எங்கள் போடிநாயக்கனூரிலேயே 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி நடைபெறுகிறது. விடுதி வரையும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டினால், எத்தனை கட்டில்கள் என்று எண்ணுவதற்கு முன்னால் நான் கேட்ட அந்தக் கேள்வியை உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் ஏற்கெனவே கட்டி முடித்த விடுதிகளில்தான் குடியேறப் போகிறீர்கள். அங்கே நீண்ட இருட்டு நடைவழியே இருக்கக்கூடும். அதை உங்களால் இடிக்க முடியாது. ஆனால் நாளுக்கு ஒரு முறை அதன் கடைசிக் கதவு வரையில் நடந்து போய்வர முடியும். சென்று, தட்டி, "சாப்பிட்டாயா?" என்று கேட்க முடியும். 1980-இல் நான் நடக்காமல் விட்ட தூரம் ஐந்து கதவுகள். நீங்கள் அதை நடந்துவிடுங்கள்.